பொங்கல் கறிக்குழம்பு: முந்தின நாள் எதைச் செய்து வைக்கலாம்?



தை பிறந்துவிட்டால் திருமுக்கூடல் சுற்றுவட்டாரத்தில் அடுப்புக்கு ஓய்வே கிடையாது. முதல் நாள் பெரும் பொங்கல். மறுநாள் மாட்டுப் பொங்கல்; அன்றைக்கே பார்வேட்டை. காஞ்சிபுரத்து வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவார். பக்கத்து ஊர்ப் பெருமாள்களும் அங்கே வந்து கூடுவார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடமாயிற்றே, ஜனங்களும் அப்படித்தான் வந்து சேருவார்கள். சாமி பார்க்க வந்த உறவுக்காரர்கள் ராத்திரி தங்கிவிடுவார்கள். விடிந்தால் காணும் பொங்கல். கறிச்சோறு போடாமல் அனுப்ப முடியுமா?

இங்கேதான் தாய்மார்களுக்குச் சங்கடம். இரவு பத்து மணி வரை கோயிலில் நின்றுவிட்டு, காலையில் இருபது பேருக்குக் கறிக்குழம்பும் வறுவலும் ஆக்கவேண்டும். "ராத்திரியே குழம்பை வைச்சிட்டா என்னங்க? காலையில சூடு பண்ணிப் போட்டுடலாமே" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முன்கூட்டிச் செய்யக்கூடியது எது, கூடாதது எது என்று தெரிந்து செய்யவேண்டும். உரமும் பூச்சிமருந்தும் பேசுகிற ஆள் குழம்புக்கு வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். இந்த விஷயத்தில் வில்லன், நம்ம வயல் மண்ணிலேயே குடியிருக்கிற ஒரு கிருமி.

அதன் பெயர் கிளாஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ். பெயரை மறந்துவிடுங்கள், குணத்தை மட்டும் நினைவில் வையுங்கள். மண்ணிலும், ஆடு மாடு கோழிகளின் குடலிலும் இது உண்டு. கறியோடும் வரும், தரையில் காய்ந்த தனியா மிளகோடும் வரும். குழம்பு கொதிக்கும்போது கிருமி செத்துப்போகும். ஆனால் அதன் விதை சாகாது. கோரையை நினைத்துப் பாருங்கள். மேலே எத்தனை தடவை களை எடுத்தாலும் அடியில் கிழங்கு இருக்கிறதல்லவா? அதே கதைதான். ஒரு மணி நேரம் கொதித்தாலும் சில விதைகள் தாங்கி நிற்கும். அதுமட்டுமல்ல, அந்தச் சூடே அதைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். குழம்பு ஆறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முளைக்கத் தொடங்கும். காற்று இல்லாத இடம்தான் இதற்குப் பிடிக்கும். மூடி போட்ட அண்டாவின் நடுப்பகுதியை விடத் தோதான இடம் வேறு எங்கே கிடைக்கும்?

எவ்வளவு வேகமாகப் பெருகும் தெரியுமா? 45 டிகிரி வாக்கில், அதாவது வெதுவெதுப்பான நிலையில், ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிறது. மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. வெளியே தைப்பனி கொட்டுகிறதே, குழம்பு ஆறிவிடாதா என்று கேட்கலாம். மேலே ஆடை கட்டி ஆறினாற்போலத்தான் இருக்கும். கரண்டியை அடிவரை விட்டுப் பாருங்கள், நடுவில் கதகதப்பு அப்படியே இருக்கும். பெரிய அண்டாவாக இருந்தால் விடிய விடிய இருக்கும்.

இந்தக் குழம்பு கெட்ட வாசனை அடிக்காது, நுரைக்காது. ருசியில்கூட வித்தியாசம் தெரியாது. அதுதான் ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இரவு வைத்த அண்டாவைக் காலையில் இளஞ்சூடு காட்டிப் பரிமாறினார்கள். சாப்பிட்டவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் பஸ் ஏறினார்கள். இரவில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் வந்தது, வயிற்றுப் பிடிப்பு, பேதி என்று. சாப்பிட்ட எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் இப்படித் தொடங்குவதுதான் இந்தக் கிருமியின் வழக்கம். திடகாத்திரமான ஆளுக்கு ஒருநாளில் சரியாகிவிடும். குழந்தைக்கும் வயதானவருக்கும் உடம்பில் தண்ணீர் வற்றிவிடும். அப்போது ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் தட்டிப் போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

சரி, முன்கூட்டி எதைத்தான் செய்வது? இதற்குத் திருமுக்கூடலிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைச் சேர்ந்து பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி நடந்தது என்றும், மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர் இவர்களுக்கு என்ன சம்பளம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஓர் ஆண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் தைலம் உண்டு, நெய் மருந்து உண்டு, உருண்டை உண்டு, உப்பு மருந்து உண்டு. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: தண்ணீர் வற்றிய பண்டம் நிற்கும், தண்ணீர் நிற்கிற பண்டம் நிற்காது.

குழம்புக்கும் அதே கணக்கு. மசாலா முந்தின நாள், கறி அன்றன்றைக்கு.

இரண்டு கிலோ எலும்போடு கூடிய ஆட்டுக்கறிக்கு அளவு சொல்கிறேன். தனியா 100 கிராம், காய்ந்த மிளகாய் 40, மிளகு 15, சோம்பு 15, சீரகம் 10, பட்டை கிராம்பு கொஞ்சம். இதை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டு அரைத்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டுவிடுங்கள். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடலாம். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். தனியாவும் மிளகாயும் சொந்த விளைச்சலாக இருந்தால், வெறும் தரையில் போடாமல் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ காயவையுங்கள். மண்ணோடு வருகிற விதை பாதி அங்கேயே குறைந்துவிடும்.

அடுத்தது வதக்கிய மசாலா. சின்ன வெங்காயம் அரைக்கிலோ, தக்காளி 400 கிராம், இஞ்சி 50, பூண்டு 75, கடலை எண்ணெய் 150 மில்லி. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை பொறுமையாக வதக்கவேண்டும். குழம்பின் ருசி முக்கால்வாசி இந்த வதக்கலில்தான் இருக்கிறது. காலை அவசரத்தில் இதைத்தான் எல்லாரும் அரைகுறையாக விடுகிறார்கள். பிரிட்ஜ் உள்ள வீடுகளில் இதை முதல்நாளே செய்து, தட்டில் பரப்பி ஆறவைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு உள்ளே வைக்கலாம். மூன்று நாள் தாராளமாக இருக்கும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நாலு மணி நேரம் தாங்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இரவில் வெங்காயம் பூண்டு உரித்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எழுந்து வதக்கினால் முக்கால் மணி நேர வேலை. அந்த உரிக்கிற வேலையை ஆண்களிடம் கொடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற கை சும்மாதானே இருக்கிறது?

தேங்காயை மட்டும் முதல்நாளே அரைத்து வைக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசிப்போவது அதுதான். கடைசியில் அரைத்து ஊற்றி ஒரு கொதி விடுங்கள்.

காலையில் பங்குக் கறி வந்ததும், எலும்பும் சதையுமாக மஞ்சள், உப்பு போட்டு மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு வேகவிடுங்கள். வெந்ததும் நல்ல சதைத் துண்டுகளை எடுத்து, வதக்கிய மசாலாவில் கால்பங்கும் மிளகுத்தூளும் போட்டு இரும்புச் சட்டியில் சுருள வறுத்தால் வறுவல் தயார். எலும்போடு நிற்கிற சாறில் மீதி மசாலாவையும் தூளையும் போட்டுக் கொதிக்கவிட்டால் குழம்பு. எலும்பின் பசை இறங்கியிருப்பதால் தானாகவே கெட்டிப்படும், மாவு கரைத்து ஊற்ற வேண்டியதில்லை. மசாலா கையில் இருந்தால் ஒன்பது மணிக்குப் பந்தி போட்டுவிடலாம்.

சிலருக்குக் கறி முதல்நாள் மாலையே வந்துவிடும். பிரிட்ஜ் இருந்தால் பச்சையாகவே உள்ளே வைப்பது நல்லது. வேகவைத்தே ஆகவேண்டும் என்றால், இறக்கினவுடனே அண்டாவிலிருந்து நாலைந்து அகலமான தாம்பாளங்களில், இரண்டு மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றிவிடுங்கள். பாத்திரத்தைக் கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறிக்கொடுங்கள். தண்ணீர் சூடேறினால் மாற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சூடு முழுக்கத் தணிந்து பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். காலையில் எடுத்ததும் வெதுவெதுப்பு காட்டினால் போதாது. அடிவரை கிளறி, தளதளவென்று ஐந்து நிமிடம் கொதிக்கவேண்டும். முளைத்த கிருமி அந்தக் கொதியில் செத்துவிடும்.

"அப்புறம் மீன்குழம்பு மட்டும் மறுநாள் ருசியாக இருக்கிறதே?" என்பீர்கள். அது புளி செய்கிற வேலை. நல்ல புளிப்பில் இந்தக் கிருமியால் பெருக முடியாது. கறிக்குழம்பில் அந்தப் புளிப்பு இல்லை. மீன்குழம்பையும் இரவு ஒரு கொதி, காலை ஒரு கொதி என்று நம் பாட்டிமார்கள் காப்பாற்றித்தான் வைத்தார்கள்.

இன்னொன்று. தை மாதம் அறுவடை மாதம். அரிவாள் கீறாத கை அபூர்வம். சீழ் வைத்த புண்ணில் இருக்கிற கிருமி உணவில் விழுந்து பெருகினால் ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு எத்தனை கொதித்தாலும் போகாது. விரலில் புண் உள்ளவர் அன்றைக்குக் கறி நறுக்கவோ பரிமாறவோ வேண்டாம். தண்ணீர் தூக்கட்டும், இலை போடட்டும்.

மத்தியானப் பந்தி முடிந்து குழம்பு மிஞ்சினால், இரவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைக்காதீர்கள். தணலிலேயே சூடாக நிற்கட்டும். இல்லையென்றால் உடனே சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றி ஆறவைத்து பிரிட்ஜில் வையுங்கள். இரண்டுக்கும் வசதி இல்லாவிட்டால், பந்தி முடிந்த கையோடு ஊருக்குக் கிளம்புகிறவர்களை இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் தூக்குவாளியில் ஊற்றி பஸ்ஸில் மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள்.