பீஜ் கிராமத்து டெலிவிஷன் நிலையம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வே பேரேடுகளோடு காலங்கழித்து வரும் எளியேனைப் பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்துவிட்டார்கள். நாம் பிழைக்க வந்த இக்குஜராத்திலேயே நிகழ்ந்ததும், நம்மிற் பலர் அறியாததுமான ஒரு வரலாற்றைச் சொல்ல விழைகிறேன்.

அகமதாபாத்திலிருந்து பரோடா செல்லும் வண்டியில் நடியாத் ஸ்டேஷனைக் கடவாதவர் நம்மில் இலர். அதனருகே, புகையிலையும் பால் மாடுகளும் மிகுந்த கேடா ஜில்லாவில், பீஜ் என்றொரு கிராமம் உண்டு. 1975ஆம் ஆண்டில் அங்கே ஒரு டெலிவிஷன் நிலையம் எழுந்தது. நம் சென்னை மாநகருக்கே அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் தேதிதான் டெலிவிஷன் வந்தது என்பதை நினைத்தால் வியப்பு விளங்கும்.

இஸ்ரோ நிறுவனத்தார் அகமதாபாத்திலே தயாரித்த நிகழ்ச்சிகள் பீஜை அடைந்து, ஒரு கிலோவாட் திறனே உடைய சிறு கருவியின் வாயிலாக ஒளிபரப்பாயின. சுமார் 400 கிராமங்களில் ஏறக்குறைய 650 பெட்டிகளை மாநில அரசாங்கம் பொது இடங்களில் வைத்தது. பல ஊர்களில் அவ்விடம் பால் கூட்டுறவுச் சங்கமே. அந்தியில் பால் ஊற்ற வந்தோர் அங்கேயே அமர்ந்து படமும் பார்த்தனர். அறைக்கொரு திரை வைத்திருக்கும் நம் பிள்ளைகள் இதை எளிதில் நம்ப மாட்டார்கள்!

அதே 1975இல், அமெரிக்காவிடம் இரவல் பெற்ற செயற்கைக் கோளைக் கொண்டு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டும் பெரும் சோதனையும் நடைபெற்றது. 1976 ஜூலை 31ஆம் தேதியோடு தவணை முடிந்தது. கோளும் கைவிட்டுப் போயிற்று. பீஜ் நிலையத்துக்கோ தரையில் ஊன்றிய கோபுரம் இருந்தது. ஆதலின் அது நிற்கவில்லை.

அது காட்டியது என்ன? கலப்பற்ற ஏட்டுக் குஜராத்தி அன்று. அவ்வட்டாரத்துச் சரோத்தரிப் பேச்சு. கிராமத்தாரே நடிகராயினர். முதலில் ஊருக்குட் சென்று குறைகளைக் கேட்டறிந்து, பிறகே நிகழ்ச்சி அமைத்தனர். குடிப்பழக்கம், தீண்டாமை, பெண்களின் நிலை, உழைப்பாளிக்குச் சட்டப்படி சேர வேண்டிய கூலி எல்லாம் கதையாக வந்தன. கூலி கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பெட்டியின் முன் அமர்ந்து அதைப் பார்ப்பதென்றால், அது சிறிய காரியமா? டில்லியிலிருந்து எத்தனை மந்திரிகள் பேசினாலும் அவ்வளவு உறைத்திராது என்பது என் துணிபு. 1984இல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தாரின் பரிசு ஒன்றும் இம்முயற்சிக்குக் கிடைத்தது.

பரிசு வந்த மறு ஆண்டே முடிவும் வந்தது. அகமதாபாத்தில் பெருந்திறன் வாய்ந்த நிலையம் அமைந்த பின், பீஜ் எதற்கு என்ற கேள்வி பிறந்தது. எங்கள் இலாகாவில் கிளைப்பாதையை மூடும்போதும், “மெயின் லைன்தான் இருக்கிறதே” என்று இவ்வாறே சொல்வதுண்டு! பெரிய கோபுரத்தின் படம் பீஜுக்கும் எட்டியது; ஆனால் பீஜின் பேச்சு அதில் இல்லை. கிராமத்தார் சும்மா இருக்கவில்லை, எதிர்த்துக் கிளர்ச்சி செய்தனர்.

பீஜிலிருந்து பெயர்க்கும் கருவியை எந்த ஊருக்கு அனுப்புவதென்று தீர்மானித்தார்கள் தெரியுமா? நம் சென்னைக்குத்தான்! சென்னையிலே நம் உறவினர் இன்னும் ஒரு படம் பார்ப்பதற்காக, இங்கே நம் அண்டை அயலார் தம் வாயை இழப்பதா என்ற வழக்கு அது. அன்று இச்சங்கத்தைக் கேட்டிருந்தால் நாம் எந்தப் பக்கம் கையுயர்த்தியிருப்போம்? இரவு உணவின்போது பெரியோர்கள் தம் கருத்தைச் சொன்னால் கேட்க ஆவலாயிருக்கிறேன்.

சிறுவர்கள் வேஷங் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னே காத்திருக்கிறார்கள்.