செத்த பிறகு செய்வதும் சாகுமுன் செய்வதும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாவு. நல்ல நாளில் கூட்டம் போட்டுச் சாவைப் பற்றிப் பேசுவதா, இது அபசகுனமல்லவா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். சாவு என்று வாயால் சொன்னால் சாவு வந்துவிடும் என்பது உண்மையானால், அப்படிச் சொல்லாதவர்கள் வீட்டுக்கு அது வராமலிருக்க வேண்டும். அப்படி ஒரு வீடு இந்த ஊரில் இருந்தால் காட்டுங்கள். பேச்சை இப்பொழுதே நிறுத்திக்கொள்கிறேன்.

நம் வீட்டில் ஒருவர் செத்த பிறகு நாம் செய்கின்ற காரியங்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். பந்தல், மேளம், பூப்பாடை, வேட்டு, பால்தெளிப்பு, பதினாறாம் நாள் சாப்பாடு, தட்சணை, அப்புறம் வருஷா வருஷம் திவசம். கையில் இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது செய்கின்றோம். அதே மனிதர் சாவதற்கு முன் மூன்று மாதம் புற்றுநோயோடு திண்ணையில் சுருண்டு கிடந்தாரே, அப்பொழுது என்ன செய்தோம்? இரவெல்லாம் வலி தாங்காமல் கத்தினார். முதுகில் படுக்கைப் புண் வந்தது. ஆஸ்பத்திரியில், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்றார்கள். உறவினர்களோ, "எந்த ஜென்மத்துப் பாவமோ, அனுபவித்துத்தானே தீரவேண்டும்" என்றார்கள். பிணத்துக்கு வலிக்காது, அதற்குச் சந்தனம் பூசினோம். உயிரோடிருந்தவருக்கு வலித்தது, அவருடைய புண்ணுக்கு மருந்து வைக்கவில்லை. இது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

தோழர்களே! நோயைத் தீர்க்க முடியாது என்பது வேறு. நோயாளிக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பது வேறு. முன்னது பல சமயங்களில் உண்மை. பின்னது எப்பொழுதும் பொய். லண்டன் நகரத்தில் சிசிலி சாண்டர்ஸ் என்கின்ற அம்மையார் முதலில் நர்சாக வேலை பார்த்தார். பிறகு டாக்டருக்குப் படித்தார். சாகப்போகிறவர்களைக் கவனிப்பதற்கென்றே 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் என்கின்ற விடுதியைத் திறந்தார். உடம்பு வலியோடு மனத்தின் பயமும், குடும்பம் என்னவாகுமோ என்கின்ற கவலையும், வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம் என்கின்ற ஏக்கமும் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்பதாக அவர் எடுத்துக் காட்டினார். வலி திரும்பி வந்து கத்துகிற வரையில் காத்திராமல், மணிக்கணக்குப்படி முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும் என்பதையும் நடத்திக் காட்டினார்.

அந்த மருந்துகளில் முக்கியமானது மார்பின். அது அபினிலிருந்து எடுப்பது. அபின் செடியை நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் சர்க்கார் அனுமதியோடு பயிரிடுகிறார்கள். ஆனால் 1985-ல் வந்த போதை மருந்துச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்பின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. விளைகிற நாட்டிலேயே நோயாளி மருந்தில்லாமல் கதறினான். 2014-ல் அச்சட்டத்தைத் திருத்தி வழியை ஓரளவு லேசாக்கினார்கள். "மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், சீக்கிரம் செத்துப்போவார்" என்கின்ற பயம் இன்னும் இருக்கிறது. தெரிந்த டாக்டர் வலிக்குத் தக்க அளவில் கொடுத்தால் அப்படி ஆவது அரிது. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் சேர்த்து மருந்து கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் காரியம் என்று சொல்லாதீர்கள். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபால், சுரேஷ்குமார் முதலிய டாக்டர்கள் நோய்த் தணிப்புச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். டாக்டர்களால் மட்டும் இது ஆகாது என்று கண்டு, பிறகு ஊர் ஜனங்களையே பழக்கினார்கள். மாணவர்களும், கடைக்காரர்களும், வீட்டுப் பெண்களும் நர்சோடு வீடு வீடாகப் போனார்கள். புண் கழுவினார்கள், அடுப்பெரியாத வீட்டுக்கு அரிசி கொடுத்தார்கள், நோயாளியின் பிள்ளைகள் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். செலவில் பெரும்பகுதி சில்லறை நன்கொடையாகவே சேர்ந்தது. 2008-ல் கேரள சர்க்கார் இதைத் தன் கொள்கையாகவே அறிவித்துப் பஞ்சாயத்துக்களிடம் பொறுப்பைக் கொடுத்தது. உலகம் முழுவதிலும் இச்சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் 100-க்குச் சுமார் 14 பேருக்குத்தான் அது கிடைக்கிறதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மற்ற 86 பேரின் வலியும் தலைவிதியா? தலைவிதியானால், கோழிக்கோட்டுக்காரன் தலையில் மட்டும் வேறு மாதிரி எழுதியது யார்?

அடுத்தது, நோயாளியிடம் உண்மையை மறைப்பது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவர் முன்னால் எல்லோரும் நாடகம் ஆடுகிறோம். அவருக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கலாம். பேசாமல் போன மகளைப் பார்க்க ஆசை இருக்கலாம். "உங்கள் உடம்பைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று அவரையே கேளுங்கள். வேண்டாமென்றால் திணிக்காதீர்கள், கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பிழைக்க வழியில்லாத நிலையில் தனக்கு இயந்திரச் சுவாசம் முதலியவை வேண்டாமென்று முன்கூட்டி எழுதிவைக்கச் சுப்ரீம் கோர்ட்டு 2018 மார்ச் 9-ல் உரிமை கொடுத்தது. 2023-ல் அம்முறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட் பதிவுபெற்ற அதிகாரி முன் எழுதினால் போதும். இது யாரையும் கொல்லும் காரியமல்ல. இயற்கையாக வரும் சாவை வதையாக்காமலிருக்கும் காரியம்.

கடைசியாக, இருப்பவர்கள் துக்கம். பதினாறு நாள் வரை வீடு கொள்ளாத கூட்டம். பதினேழாம் நாள் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். போதாததற்கு, "தாலி பாக்கியமில்லாதவள், எதிரில் வராதே" என்கிறோம். புருஷனைக் கொன்றது நோய். பழி அவள் தலையிலா? துக்கம் வியாதியல்ல, தவணை சொல்லி அதைத் தீர்க்கவும் முடியாது. மூன்றாம் மாதம் போய்ப் பாருங்கள். உபதேசம் செய்யாமல் அவள் பேசுவதைக் கேளுங்கள். உதவித்தொகை மனுவை எழுதிக் கொடுங்கள். பல மாதமாகியும் சோறு தூக்கமில்லாதவரை, சாக வேண்டுமென்று பேசுகிறவரை, தாமதியாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

தோழர்களே! இவ்வூரில் பத்துப்பேர் சேருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைக்கவும், வாய் துடைக்கவும், புண் கழுவவும் ஒரு நர்சிடம் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் உரிமையோடு கேளுங்கள். பதினாறாம் நாள் சாப்பாட்டுச் செலவில் பாதி மிஞ்சினால், இன்னொரு வீட்டு நோயாளியின் படுக்கைக்கும் மருந்துக்கும் ஆகும்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், உங்கள் வீட்டில் கடைசியாகச் செத்தவரின் கடைசி மாதத்தை நினைத்துப் பாருங்கள். அதன்பின் உங்கள் அறிவுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்.