மிடறும் மொழியும்: விழுங்கல் சிகிச்சைக்கான முதுநிலைப் பயிற்சி



பேச்சு சிகிச்சையாளர்கள் மொழி அவைக்கு வந்தால் திக்குவாயைப் பற்றியோ, காலந்தாழ்ந்து பேசத் தொடங்கும் குழந்தைகளைப் பற்றியோ பேசுவார்கள் என்றே பலரும் எதிர்பார்ப்பர். மருத்துவமனையில் பணியாற்றும் எங்களுடைய நாளின் பெரும்பகுதி வேறொரு வேலையில் கழிகிறது. பக்கவாதத்தால் படுத்தவர், நடுக்குவாத நோயர், கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெற்றவர், மறதிநோய் முற்றிய முதியவர் ஆகியோர் உண்ணவும் பருகவும் இயலுமா, இயலுமெனில் எதை, எவ்வாறு என்று கண்டறிவதே அவ்வேலை. பேசுவதற்குத் துணைசெய்யும் உதடும் நாவும் அண்ணமும் குரல்வளையுமே விழுங்குவதற்கும் துணைசெய்கின்றன. அதனால் இப்பொறுப்பு எங்கள் தொழிலிடம் வந்து சேர்ந்தது.

‘மிடறு’ என்னும் சொல் தொண்டையையும் குறிக்கும். ஒருமுறை விழுங்கும் நீரின் அளவையும் குறிக்கும். ஒரு மிடறு நீர் இறங்கும்போது நா அதனைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மெல்லண்ணம் உயர்ந்து மூக்குவழியை அடைக்கிறது. குரல்வளை மேலும் முன்னும் எழும்புகிறது. குரல்நாண்கள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. தொண்டையில் நிகழும் பகுதி ஏறத்தாழ ஒரு நொடியில் முடிந்துவிடும்.

வழிதவறி ஒரு துளி குரல்வளைக்குள் நுழைந்தால் உடல் இருமி அதனை வெளியேற்றுகிறது. அதையே புரையேறுதல் என்கிறோம். நம் வீடுகளில் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்போம். மருத்துவ நோக்கில் அந்த இருமல் நல்ல செய்தி. காவற்காரன் விழித்திருக்கிறான் என்று பொருள். தொண்டையின் உணர்ச்சி மழுங்கிய சிலருக்கு அந்த இருமல் வருவதே இல்லை. பருகிய நீர் குரல்நாண்களைக் கடந்து மூச்சுக்குழாயில் இறங்கும். முகம் மாறாது, கண் கலங்காது. ‘இன்றைக்கு நன்றாகக் குடித்தார்’ என்று உறவினர் மகிழ்வர். எல்லாருக்கும் இதனால் தீங்கு நேர்வதில்லை. வாயின் தூய்மை, உடலின் வலிமை, நடமாட்டம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். ஆயினும் சிலருக்குச் சில நாள்களில் நிமோனியா வந்துவிடுகிறது. இந்நிலைக்குப் பொதுவழக்கில் தமிழ்ப் பெயரில்லை. நம் சொல் இருமலைக் கண்டு வைத்த பெயராயிற்றே! ஆதலால் நாங்கள் உறவினரிடம் ‘இருமாமலே புரையேறுகிறது’ என்று சொல்கிறோம். முரண்போலத் தோன்றினும் உடனே விளங்கிவிடுகிறது.

முதுநிலைப் பயிற்சி எதற்கு என்னும் வினாவுக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. படுக்கையருகே நின்று கண்ணாலும் காதாலும் அறியக்கூடியது ஓரளவே. பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து, அசையும் எக்ஸ்ரே படமாகப் பதிந்து, ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்க்கவேண்டும். அமெரிக்கரான ஜெரி லோகமன் 1983-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று. 1988-இல் சூசன் லாங்மோரும் உடன்பணியாளரும் மூக்குவழியாக மெல்லிய உள்நோக்கியைச் செலுத்தித் தொண்டையை மேலிருந்து காணும் முறையை விளக்கினர். இம்முறையில் ஒரு வேடிக்கை உண்டு. விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டைச் சுவர் கருவியின் கண்ணை மறைக்க, திரை முழுதும் வெளுத்துவிடும். முன்னே இருந்ததையும் பின்னே எஞ்சியதையும் கொண்டு இடையில் நிகழ்ந்ததை உய்த்துணரவேண்டும். பட்டப்படிப்பின் வகுப்பறையில் இதன் கொள்கையைக் கற்பிக்கலாம். கண்ணுக்குப் பழக்கம் வருவதோ, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்க, படம் படமாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லி, அத்தீர்ப்பு மறுக்கப்பட்டு, மீண்டும் பார்த்த பின்னரே.

1996-இல் ரோசன்பெக்கும் உடனாய்வாளரும் வகுத்த எட்டுநிலை அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 1 என்றால் மூச்சுவழிக்குள் எதுவும் நுழையவில்லை. 7 என்றால் குரல்நாண்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. உடல் முயன்றும் வெளியேற்ற முடியவில்லை. 8 என்றால் உடல் முயலவே இல்லை. இந்த ஏழுக்கும் எட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பிழையின்றிக் காணப் பழகுவதற்காகவே ஒருவர் பல மாதம் செலவிடலாம்.

சிங்கப்பூரில் 2007-இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேச்சு, மொழி நோய்க்குறியியலுக்கான முதுநிலைப் படிப்பு தொடங்கிற்று. அதற்கு முன்னர் இத்தொழிலுக்கு வந்தோர் பெரும்பாலும் வெளிநாட்டில் பயின்று திரும்பியவர்கள். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பேச்சு சிகிச்சையாளர்கள் பதிவுபெற வேண்டியவர்களாயினர். பிரிட்டனில் நெடுங்காலம் பட்டம் பெற்ற பின்னரே விழுங்கல் பயிற்சியை முடித்துத் தனித்து நோயாளியைப் பார்க்கும் வழக்கம் இருந்தது. 2026 முதல் பட்டம் பெறுவோர் அடிப்படைத் திறன்களோடு வெளிவரவேண்டும் என்று அங்கே முடிவுசெய்துள்ளனர். முதுநிலைப் பயிற்சி இதனால் தேவையற்றதாகிவிடாது. கருவிவழிப் பரிசோதனையும் சிக்கலான நோய்நிலைகளும் அதற்கே உரியனவாக இருக்கும்.

இவ்வளவும் நன்றாகவே நடைபெறுகின்றன. எங்களுக்குக் குறையாகப் படுவது வேறொன்று. படத்தைப் படிக்கப் பயிற்றுவிக்கும் அளவுக்கு, நோயாளியிடம் கேட்கப் பயிற்றுவிப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். முகவாயைக் கீழே தாழ்த்திச் சிறுசிறு மிடறாகக் குடிக்குமாறு நோயாளிக்குக் கற்பிக்கிறோம். பலருக்கு இவ்வாறு செய்வது மூச்சுவழியைக் காக்கத் துணைசெய்யும். மருத்துவமனையின் பிளாஸ்டிக் கோப்பையில் அவரும் ஒழுங்காகக் குடித்துக் காட்டுவார். வீட்டிற்குப் போனதும் செம்பையோ டம்ளரையோ உதட்டில் படாமல் உயர்த்தி, அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். எச்சில்படாமல் குடிப்பது அவருக்கு அறுபதாண்டுப் பழக்கம். நாங்கள் சொன்னதற்கு நேரெதிரான தலைநிலை. நாவின் ஒரு பகுதியை அறுவைசிகிச்சையில் இழந்து, தொண்டையின் இயக்கம் சீராக உள்ள சிலருக்கு மட்டுமே அண்ணாத்தல் உதவும், ஏனையோருக்கு இடர். ‘நீங்கள் அண்ணாந்து குடிப்பீர்களா?’ என்று கேட்க அரை நிமிடம் போதும். அக்கேள்வி எந்தப் படிவத்திலும் இருந்து நாங்கள் கண்டதில்லை.

கேள்வியின் சொற்களும் தடுக்கின்றன. ‘விழுங்குவதில் சிரமம் உண்டா?’ என்று நூல்வழக்கில் கேட்டால், ‘இல்லை, சாப்பிடுகிறேன்’ என்று விடை வரும். விழுங்குதலைத் தனிச்செயலாக யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? ‘சோறு தொண்டையில் நிற்கிறதா? தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா? மாத்திரை இறங்குகிறதா?’ என்று பிரித்துக் கேட்டால்தான் செய்தி வெளிவரும். இன்னொருவர் ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பார். அது உணவு நிற்பதாக இருக்கலாம், மாரடைப்பாக இருக்கலாம், மகன் வரவில்லை என்ற துயரமாகவும் இருக்கலாம். சாப்பிடும்போதா, எப்போதுமா என்று அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரியாத மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் ஒன்றாக்கிவிடுவார்.

உணவின் பதத்திற்கு வருவோம். ‘இட்ஸி’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அனைத்துலகக் கட்டமைப்பு 2015-இல் வெளிவந்தது. பானங்களையும் உணவுகளையும் அது 0 முதல் 7 வரை நிலைப்படுத்துகிறது. 10 மில்லிலிட்டர் ஊசிக்குழலில் திரவத்தை நிரப்பி, 10 நொடி ஒழுகவிட்டு, எஞ்சியதை அளக்கவேண்டும். 1 முதல் 4 மில்லிலிட்டர் வரை எஞ்சினால் முதல்நிலை, 4 முதல் 8 வரை எஞ்சினால் இரண்டாம் நிலை, அதற்கு மேல் எஞ்சியும் ஓரளவு ஒழுகினால் மூன்றாம் நிலை. பாகு காய்ச்சும்போது கம்பிப்பதம் பார்த்த சமையற்காரருக்கு இது புதுமையன்று! நம் சமையலறையில் பதத்துக்குச் சொற்கள் ஏராளம்: குழைதல், மசிதல், கரைதல், உதிர்தல், பிசைதல். துண்டறிக்கையில் ‘மிதமான கெட்டித்தன்மை’ என்று அச்சிட்டால் பாட்டிக்கு விளங்காது. ‘பாயசம்போல’ என்றால் விளங்கும்; ஆனால் ஒரு வீட்டுப் பாயசம் இன்னொரு வீட்டில் கூழாக இருக்கும். உவமையால் விளக்கிவிட்டு, ஊசிக்குழலால் உறுதிசெய்வதே நாங்கள் கையாளும் வழி.

கஞ்சி இன்னும் சிக்கலானது. மென்மையான உணவு என்று எண்ணித்தான் வீட்டில் கொடுக்கிறார்கள். ஆனால் பருக்கையும் நீரும் பிரிந்து நிற்கும் கஞ்சி, ஒரே வாயில் இருவேறு பதங்களைத் தருகிறது. பருக்கையை மெல்லும்போதே நீர் முந்தித் தொண்டைக்குள் ஓடிவிடும். ரசஞ்சோறும் அப்படியே. மாவுப்பொருளால் கெட்டியாக்கிய பானத்தில் எச்சில்பட்ட கரண்டியை மீண்டும் இட்டால், எச்சிலிலுள்ள நொதி அதனை நீர்க்கச் செய்துவிடும். எச்சிற்கரண்டியை உணவில் இடாதே என்ற பாட்டியின் கண்டிப்புக்கு இப்படியும் ஒரு பயன். கெட்டியாக்கிய நீரைப் பலர் வெறுத்து ஒதுக்குவதும், அதனால் உடலில் நீர் வற்றுவதும் நாங்கள் அன்றாடம் காண்பவை. கெட்டியாக்குதல் எல்லாருக்கும் ஏற்ற மருந்து அன்று. இத்தனையையும் நாங்கள் விளக்கவேண்டியது சில வேளைகளில் தமிழ் அறியாத பணிப்பெண்ணிடம். ஊட்டுபவர் அவர், சுவையை முடிவுசெய்பவர் மருமகள், நோயாளியோ இருவரிடமும் பேச இயலாதவர்.

இறுதிக்கட்டத்தில் எழும் வினாவே எல்லாவற்றிலும் கடினமானது. மருத்துவம் கைவிட்ட நிலையில், வாய்வழியாக எதுவும் கொடுக்கவேண்டாம் என்று எழுதப்பட்ட தாயின் கட்டிலருகே மகன் நிற்கிறார். ‘கடைசியாக ஒரு சொட்டுப் பால் ஊற்றலாமா?’ என்று கேட்கிறார். கோயில் தீர்த்தத்தைப் பற்றியும் இவ்வாறே கேட்பர். விதியை மட்டும் படித்தவர் கூடாது என்பார். மகனும் மறுசொல் பேசமாட்டார். ஆனால் அந்த ‘கூடாது’ அவருடன் வீட்டிற்குச் செல்லும். தாயின் விருப்பத்தையும் விழிப்புநிலையையும் அறிந்து, மருத்துவரோடும் செவிலியரோடும் கலந்து, அவரை நிமிர்த்திச் சாய்த்து, வாயைத் தூய்மைசெய்து, பாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் உதட்டையும் நாவையும் ஈரப்படுத்தலாம் என்று சொல்வதற்கு இடமுண்டு. அதில் எஞ்சியுள்ள இடர் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இவ்விரண்டையும் ஒரே மூச்சில், மரியாதை குன்றாத தமிழில், அழுதுகொண்டிருப்பவரிடம் சொல்ல ஒத்திகை வேண்டும். நாங்கள் பெற்ற முதுநிலைப் பயிற்சியில் அதற்கு ஒருமணி நேரமும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. இங்கு அமர்ந்துள்ள தமிழாசிரியர்கள் சிலர் எங்களோடு சேர்ந்து அந்த உரையாடல்களை எழுதித் தரவும், மாணவர்கள் நோயாளியாகவும் மகனாகவும் நடித்துப் பயிற்சிக்கு உதவவும் முன்வருவார்களாயின், வரும் பயிற்சிப் பருவத்திலேயே தொடங்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.