குறி கடத்தல்: 'ஓவர்ஷூட்' என்னும் ஆங்கில வினை

'ஓவர்ஷூட்' வில்லாளிகளிடமிருந்து வந்த வினை. எய்த அம்பு குறியில் தைக்காமல், அதற்கு மேலாகவோ அப்பாலோ போய் விழுவது அதன் முதற்பொருள். ஆங்கிலத்தின் இடைக்காலம் தொட்டே வழக்கில் உள்ளது. பின்பாதியான 'ஷூட்' எய்தலையும் குறிக்கும், விரைந்து பாய்தலையும் குறிக்கும். இந்த இரட்டைப் பொருளால்தான் அம்புக்குப் பிறந்த வினை பின்னாளில் வண்டிக்கும் விமானத்துக்கும் விலைவாசிக்கும் பொருந்தியது. இறந்தகால வடிவம் 'ஓவர்ஷாட்'. செயப்படுபொருள் இன்றியும் வரும். செயப்படுபொருளோடு வரும்போது அப்பொருள் பெரும்பாலும் நிற்க வேண்டிய இடமாகவோ அளவாகவோ இருக்கும்: ஓடுபாதை, நடைமேடை, சாலைத் திருப்பம், செலவுத் திட்டம், வெப்பநிலை.

இவ்வினைக்குள் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. குறி ஒன்று உண்டு. அங்கே நிற்கும் எண்ணமும் உண்டு. வேகத்தாலோ தாமதத்தாலோ நிற்க முடியாமல் போனது. 'எக்ஸீட்' என்ற வினைக்கு முதலாவது மட்டும் போதும். 'சர்பாஸ்' பாராட்டையும் சேர்த்துக்கொள்ளும். 400 மதிப்பெண் எதிர்பார்த்த மாணவி 450 வாங்கினால் அவள் 'ஓவர்ஷூட்' செய்ததாக ஆங்கிலேயர் சொல்வதில்லை, ஏனென்றால் 400-ல் நின்றுவிட வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. தருமபுரி மாவட்டத்து மொரப்பூரில் சரியான எடுத்துக்காட்டு கிடைக்கிறது. ஊரின் ரயில் நிலையம் ஜோலார்பேட்டை–சேலம் தடத்தில் உள்ளது. சென்னையிலிருந்து இரவு வண்டியில் வருபவர் கண்ணயர்ந்து பொம்மிடியிலோ சேலத்திலோ விழித்தால், அவர் மொரப்பூரை 'ஓவர்ஷூட்' செய்துவிட்டார். "ஸ்டேஷனைத் தாண்டிப் போயிட்டேன்" என்று அவர் வீட்டுக்குப் போன் செய்வது அந்த ஆங்கில வினைக்கு ஈடான தமிழ்தான். தவறியதன் வருத்தம் வினைச்சொல்லில் இல்லை. 'போயிட்டேன்' என்ற துணைவினையில் இருக்கிறது. தமிழ் அகராதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் வைப்பதைத் தமிழ் சில வேளைகளில் வினையின் வாலில் வைக்கிறது.

ரயில் துறையில் இச்சொல்லின் பொருள் கறாரானது. நிற்க வேண்டிய சிக்னலையோ நடைமேடையையோ வண்டி கடந்து நிற்பதுதான் அங்கே குற்றம். ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று முழு வேகத்திலிருந்து நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்கும் தூரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஓட்டுநர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் குறி கடத்தல் என்றைக்காவது நிகழும் என்று எண்ணியே இந்திய ரயில்வேயின் பொது விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு வண்டியை நிலையத்துக்குள் ஏற்க ஹோம் சிக்னல் கொடுப்பதற்கு முன், வண்டி நிற்க வேண்டிய ஸ்டார்ட்டர் சிக்னல் வரை தடம் காலியாக இருந்தால் மட்டும் போதாது. அதற்கு அப்பாலும் போதிய தூரம் காலியாக இருக்க வேண்டும். பல வண்ண விளக்கு சிக்னல் உள்ள இடங்களில் இது 120 மீட்டர். பழைய இரட்டை நிலைக் கைகாட்டி உள்ள இடங்களில் 180 மீட்டர். அந்தத் தூரம் கிடைக்காத நிலையங்களில் அதற்குப் பதிலாக மணல் மேடு அமைக்கவும் விதி இடம் தருகிறது. மீறி வரும் வண்டி மணலில் புதைந்து நிற்கும். ஒரு வினைச்சொல்லின் பொருளைத் தரையில் அளந்து வைத்த இடம் என்று அந்த 120 மீட்டரைச் சொல்லலாம்.

விமானத் துறையில் சொல் சற்று வழுக்குகிறது. இறங்கும் விமானம் ஓடுபாதையின் முடிவைக் கடந்து ஓடிவிடுவதைச் செய்தித்தாள்கள் 'ஓவர்ஷூட்' என்கின்றன. விசாரணை அறிக்கைகள் 'ஓவர்ரன்' என்ற சொல்லையே விரும்புகின்றன. இந்தியாவில் இரண்டு விபத்துகள் இச்சொல்லைப் பொதுமக்கள் காதுக்குக் கொண்டுவந்தன. 2010 மே 22 அன்று மங்களூரில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 8,033 அடி ஓடுபாதையில் ஏறத்தாழ 5,200 அடி கடந்த பிறகே தரை தொட்டது. 158 பேர் இறந்தனர், 8 பேர் பிழைத்தனர். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையிலும் பின்காற்றிலும் இறங்கிய அதே நிறுவனத்தின் விமானம் ஓடுபாதையின் நடுப்பகுதியை ஒட்டித் தரை தொட்டு, முடிவைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் உயிரிழந்தனர். இரண்டுமே குன்றின் உச்சியைச் சமன்செய்து போட்ட ஓடுபாதைகள். இரு விபத்துகளிலும் இரண்டு குறிகள் தவறின: முதலில் தரை தொட வேண்டிய இடம், பிறகு நிற்க வேண்டிய இடம். முதல் தவறுதான் இரண்டாவதை உண்டாக்கியது. தமிழ்ச் செய்திகளில் இத்தகைய விபத்து "ஓடுபாதையை விட்டு விலகியது" என்று எழுதப்படுவதுண்டு. அது பிழை. விலகுதல் பக்கவாட்டில் நிகழ்வது. அதன் காரணங்களும் தடுப்பு முறைகளும் வேறு. "ஓடுபாதையைக் கடந்து ஓடியது" என்பதே சரி.

பிரிட்டிஷ் விமானிகளின் பழைய வழக்கில் இதே சொல்லுக்கு நேர்மாறான பொருளும் இருந்தது. இறங்குவது பாதுகாப்பல்ல என்று கண்டு, தரை தொடாமலே மேலெழும்பி மறுசுற்று வருவதை அவர்கள் 'ஓவர்ஷூட்' என்றனர். விபத்தும் விபத்தைத் தவிர்க்கும் செயலும் ஒரே பெயரில் வழங்கிய விந்தை இது. பழைய விமான நூல்களை மொழிபெயர்ப்பவர் முன்பின் வாக்கியங்களைப் படிக்காமல் பேனாவை எடுக்கக் கூடாது.

தமிழில் உண்மையான சிக்கல் 'இலக்கு' என்ற சொல்லால் வருகிறது. நிர்வாகத் தமிழில் இலக்கு என்பது தாண்டப்பட வேண்டியது. நெல் கொள்முதல் இலக்கைத் தாண்டியது, வரி வசூல் இலக்கை விஞ்சியது என்றெல்லாம் எழுதும்போது படிப்பவர் மகிழ வேண்டும் என்பது எழுதாத விதி. அதே வாக்கிய அமைப்பில் "புவி வெப்பம் 1.5 டிகிரி இலக்கைத் தாண்டியது" என்று எழுதினால் சாதனை போல ஒலிக்கிறது. உண்மையில் இலக்குகள் மூன்று வகை. எட்டினால் போதாது, மேலே போனால் நல்லது என்பது ஒரு வகை. கொள்முதலும் வசூலும் அப்படி. இதற்கு விஞ்சுதல் பொருந்தும். அதற்கு மேல் போகவே கூடாது என்பது இன்னொரு வகை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்ற இந்தியத் தர நிர்ணயம் அத்தகையது. இதற்கு மீறுதல் என்ற சொல் இருக்கிறது. மூன்றாவது, அதிலேயே வந்து நிற்க வேண்டிய குறி. 'ஓவர்ஷூட்' பிறந்த வீடு இது.

ஒரே விஷயத்தில் இந்தக் கடைசி இரு வகைகளும் சேர்ந்து வருவதும் உண்டு. 2016-ல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்படி பணவீக்கத்தின் குறி 4 சதவீதம். இருபுறமும் 2 சதவீதப் புள்ளி வரை விலகலாம். அதாவது 4 என்பது நிற்க வேண்டிய இடம், 6 என்பது மீறக் கூடாத கோடு. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் கோட்டைக் கடந்தால் அது தோல்வி. வங்கி அரசுக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். 2022-ல் அப்படி எழுத நேர்ந்தது. 5 சதவீதத்தில் இருக்கும் பணவீக்கத்தை ஆங்கிலத்தில் 'ஓவர்ஷூட்' என்று சொல்லலாம். தமிழில் 'மீறியது' என்று எழுதினால் சட்டப்படித் தவறாகிவிடும்.

அறிவியலும் பொருளியலும் இச்சொல்லுக்கு நான்காவதாக ஒரு செய்தியைச் சேர்த்தன: கடந்து போனது திரும்பி வரும். கட்டுப்பாட்டுப் பொறியியலில், மின்னழுத்தமோ வெப்பநிலையோ நிர்ணயித்த அளவைத் தாண்டி எழும்பி, மெல்ல அடங்கி அங்கே நிலைகொள்ளும். எத்தனை சதவீதம் தாண்டியது என்பது கருவியின் தரத்துக்கு ஓர் அளவுகோல். 1976-ல் பொருளியலாளர் ரூடிகர் டார்ன்புஷ் இதே கருத்தை நாணய மாற்று விகிதத்துக்குக் கொண்டுபோனார். பண அளவு மாறும்போது கடைவிலைகள் மெதுவாகவே நகரும், நாணயச் சந்தையோ உடனே நகரும். அதனால் மாற்று விகிதம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் அப்பால் பாய்ந்துவிட்டுப் பிறகு திரும்புகிறது என்றார். காலநிலை அறிக்கைகளிலும் இப்பொருளே. வெப்ப உயர்வு 1.5 டிகிரியைக் கொஞ்ச காலம் கடந்து மீண்டும் கீழே வருவதுதான் அவற்றில் 'ஓவர்ஷூட்', 0.1 டிகிரிக்குள் கடந்தால் குறைந்த அளவு என்று வகைப்படுத்துகின்றனர். திரும்பி வராவிட்டால் அந்தச் சொல்லே பொருந்தாது. இந்த நுணுக்கம் தமிழ்க் கட்டுரைகளில் அநேகமாகக் காணாமல் போகிறது.

சூழலியலாளர் கையில் சொல் மறுபடியும் கறுத்துவிடுகிறது. நிலம் தாங்கும் அளவைக் கடந்து ஓர் உயிரினம் பெருகுவதை அவர்கள் அப்படி அழைக்கின்றனர்; வில்லியம் கேட்டன் 1980-ல் எழுதிய நூலின் தலைப்பே இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அலாஸ்காவை அடுத்த செயின்ட் மேத்யூ தீவில் 1944-ல் விடப்பட்ட 29 கலைமான்கள் 1963-ல் சுமார் 6,000 ஆகி, மேய்ச்சல் தீர்ந்து, 1966-ல் 42 ஆகச் சுருங்கின. இங்கே திரும்புதல் என்பது சரிவு. ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் 'எர்த் ஓவர்ஷூட் டே' இந்தப் பொருளில் அமைந்தது. 2025-ல் அது ஜூலை 24.

தருமபுரி மாவட்டத்து விவசாயிக்கு இதை விளக்கக் கலைமான் தேவையில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஓராண்டில் எடுக்கத்தக்க நீரோடு எடுத்த நீரை ஒப்பிட்டு, 100 சதவீதத்தைக் கடந்த பிர்க்காக்களை மிகையாக உறிஞ்சப்பட்டவை என்று வகைப்படுத்துகிறது. இம்மாவட்டத்தில் அத்தகையவை பல. திறந்த கிணறு வற்றினால் ஆழ்துளைக் கிணறு, அதுவும் போனால் ஆயிரம் அடி என்று இறங்கும்போது, முந்தைய காலத்துச் சேமிப்பு சில ஆண்டுகள் கைகொடுக்கிறது. மோட்டாரில் தண்ணீர் வருகிறது. ஆகவே குறி எப்போது கடந்தது என்று மேலே இருப்பவருக்குத் தெரிவதில்லை. வேகத்தால் அல்ல, செய்தி தாமதமாக வந்து சேர்வதால் நிகழும் குறி கடத்தல் இது. ஆழத்து நீரில் ஃபுளோரைடும் சேர்ந்து வந்ததால் மாவட்டம் 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் குடிக்கிறது. ஃபுளோரைடு விஷயத்தில் 'மீறியது', நிலத்தடி நீர் விஷயத்தில் 'கடந்துவிட்டது' என்று எழுதினால் இரு வகைத் துன்பமும் தனித்தனியே தெரியும்.

தமிழுக்கு இக்கருத்து புதிதல்ல. பழந்தமிழில் 'இற' என்ற வினைக்குக் கடத்தல், எல்லை தாண்டுதல் என்பது பொருள்; சாதல் என்ற இன்றைய பொருளும் அதன் ஒரு கிளை. திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தின் 476-ஆம் குறள், கிளையின் நுனிவரை ஏறியவர் அதற்கும் அப்பால் போக முயல்வதைச் சொல்ல இந்த வினையைத்தான் ஆள்கிறது. அதற்கு முந்தைய குறளில் வரும் மயிற்பீலி வண்டி அச்சு முறிவது இதில் சேராது. அது அளவுக்கு மீறிய பாரம், குறி கடந்த ஓட்டம் அல்ல. 'இற' இப்போது ஒரே பொருளில் உறைந்துவிட்டதால் அதை மீட்டெடுக்க முடியாது. கலைச்சொல்லாக 'குறி கடத்தல்' பொருத்தமாகத் தோன்றுகிறது. 'இலக்கு' என்ற சொல்லின் சாதனை வாடை 'குறி'யில் இல்லை. அடங்கித் திரும்பும் வகைக்கு 'தற்காலிகக் குறி கடத்தல்' என்று அடை சேர்க்கலாம். அன்றாட நடைக்கு 'தாண்டிப் போய்விட்டது' இருக்கவே இருக்கிறது. வீடு கட்டுபவர் செலவைப் பற்றிச் சொல்லும் 'கைமீறிப் போச்சு' அதைவிடக் கூர்மையானது.

அகராதிப் பதிவில் இரண்டு வடிவங்களைத் தனியே நிறுத்த வேண்டும். 'ஓவர்ஷாட்' நீர்ச்சக்கரம் என்பது மேலிருந்து விழும் நீரால் சுழலும் சக்கரம். அங்கே தவறியது எதுவும் இல்லை. நாய்களின் 'ஓவர்ஷாட்' தாடை என்பது கீழ்த்தாடைக்கு முன்னே நீண்ட மேல்தாடை. இவை வினைக்குக் கீழே வராமல் பெயரடைகளாகத் தலைச்சொல் பெற வேண்டியவை. எதிர்ச்சொல்லான 'அண்டர்ஷூட்', குறிக்கு முன்பே விழுதல் அல்லது நின்றுவிடுதல்; ஓடுபாதைக்கு முன்னாலேயே தரை தொடும் விமானத்துக்கும், குறியை எட்டாத பணவீக்கத்துக்கும் அது பொதுவாக வழங்குகிறது.