‘நாங்க’ என்று பாடிய குரல்



வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு நடந்து வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒலிபெருக்கிகளில் என்ன பாடும் என்று தெரியும். 1971-இல் வந்த ‘அன்னை வேளாங்கண்ணி’ படத்தின் ‘கருணை மழையே’ இன்றும் கேட்கிறது. அதை எல்லாரும் சுசீலா பாட்டு என்றே சொல்வார்கள். மெட்டுப் போட்ட தேவராஜன் பெயர் பலருக்கு நினைவில் வராது. பாட்டு ஒரு குரலோடு ஒட்டிக்கொள்வது அப்படித்தான் நடக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கேட்டது நெல்கூலியில் கொஞ்சம் உயர்வு. மேல்முறையீட்டில் மிராசுதார்கள் விடுதலையானார்கள். அந்தத் தீயையும் அந்தத் தீர்ப்பையும் கேட்டவர் மனதில் ஒருசேரக் கொண்டுவந்து நிறுத்துகிற பாட்டு என்றால் நமக்கு ‘மனுசங்கடா’தான். கூட்டம் தொடங்கும்முன் யாராவது பறையைக் கையில் எடுத்தாலே அதைத்தான் எதிர்பார்க்கிறோம். யார் பாட்டு என்று கேட்டால் உடனே வருகிற பதில், கே.ஏ. குணசேகரன் பாட்டு.

எழுதியவர் இன்குலாப். கீழக்கரையில் பிறந்த சாகுல் அமீது, சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் ஆசிரியர். பிறப்பால் தலித் அல்லர். அவர் ‘நாங்க’ என்று எழுதினார். பக்கத்தில் நின்று எழுதிய ‘நாங்க’ அது. இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் 1955-இல் பிறந்து, சாதி தந்த காயங்களை ‘வடு’ என்று பின்னால் எழுதிய குணசேகரன் அதே சொல்லைத் தொண்டையில் ஏற்றியபோது அது வேறொன்றாகிவிட்டது. எழுத்தில் ஆதரவாக இருந்தது குரலில் வாக்குமூலமானது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியர் ஆன பிறகும் அந்தக் குரலில் சேரி போகவில்லை. சபா சங்கீதத்துக்குப் பழகிய காது அதைக் கரகரப்பு என்று சொல்லும். சொல்லட்டும்.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பர்களைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டை எழுதியவர் ஏபல் மீரோபோல், நியூயார்க்கில் ஒரு யூதப் பள்ளி ஆசிரியர். 1939-இல் பில்லி ஹாலிடே பாடினார். அன்றிலிருந்து அது அவர் பாட்டு. அவரை வைத்துப் பதிவுசெய்துவந்த பெரிய கம்பெனி ஒதுங்கிக்கொள்ள, கமடோர் என்ற சிறு கம்பெனி வெளியிட்டது. பின்னர் தன்வரலாற்றில் இசையிலும் தமக்குப் பங்குண்டு என்று ஹாலிடே எழுத, மீரோபோல் மறுத்தார். நம் இருவருக்குள் அப்படி ஒரு வழக்கு வரவில்லை. இருவருமே 2016-இல் போய்விட்டார்கள், குணசேகரன் ஜனவரியில், இன்குலாப் டிசம்பரில். அடுத்த ஆண்டு அம்ஷன் குமார் எடுத்த ‘மனுசங்கடா’ படம் பொதுப்பாதையில் பிணம் கொண்டுபோக விடாத கதை. அதற்கு வேறு தலைப்புத் தேட வேண்டியிருக்கவில்லை.

இதில் நமக்கு என்ன அக்கறை என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பாட்டு மக்களுடையது, பெயர் எதற்கு என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த டெல்டாவில் பெயர் இல்லாமல் போனது யாருடைய பாட்டு? நடவு வயலில் முன்பாட்டுப் பாடியவள் ஒருத்தி இருந்தாள். அவள் நிறுத்தினால் வரிசையே நிற்கும். அவள் சொந்தமாகக் கட்டிய அடிகளும் அதில் இருந்தன. இழவு வீட்டில் ஒப்பாரிக்கென்றே அழைத்துப் போன அத்தைமார் இருந்தார்கள். அந்தந்த ஊரில் அது அவர்கள் பாட்டு என்று எல்லாருக்கும் தெரியும். புத்தகத்தில் ஏறும்போது ‘நாட்டுப்புறப் பாடல்’ ஆயிற்று. சினிமாவுக்குப் போனபோது மெட்டு இன்னொருவர் கணக்கில் சேர்ந்தது. மக்களுடையது என்ற சொல்லை வைத்தே நம் ஆட்களின் பெயரை அழித்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு தலித் பாடகரின் பெயர் ஒரு பாட்டோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்காக இன்குலாப்பின் பெயரை உதிர விடுவதும் நியாயமில்லை. அவருடைய கூலி அந்தப் பெயர் மட்டும்தான். கலைமாமணி விருதையே திருப்பிக் கொடுத்தவர் அவர்.

இன்னொரு கேள்வி மாணவர்களிடமிருந்து வருகிறது. கல்லூரி விழாவில் யார் வேண்டுமானாலும் இதைப் பாடலாமா? பாடலாம், தடுக்க நாம் யார். ஆனால் ஊருக்குப் போனால் சேரித் தெருவை மிதிக்காதவர் ‘நாங்க’ என்று கைதட்டல் வாங்கும்போது பாட்டு பொய்யாகிறது. குணசேகரன் குரலை நகல் எடுக்கவும் வேண்டாம். அவருடைய இழுப்பையும் அதட்டலையும் அப்படியே செய்கிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். உங்கள் ஊர்ப் பேச்சில், உங்கள் கோபத்தில் பாடுங்கள். தலித் சுப்பையா தம் பாட்டைத் தம் தொண்டையில்தான் பாடினார்.

ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். உங்கள் ஊரில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மிஷின் நடவு வந்த பிறகு அவர்கள் பாடுவதில்லை. கையில் செல்போன் இருக்கிறது. அவர்கள் சம்மதித்தால் பாடச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். முதலில் பாடுகிறவர் பெயர், யாரிடம் கற்றார், எது அவர் கட்டிய அடி என்று கேட்டு எழுதுங்கள். சாதி எழுதலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

மாலை நிகழ்ச்சியில் பாடப் போகிற குழுவினர் எழுதியவர், பாடியவர் இரண்டு பெயரையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பறை காய்ச்ச வைக்கோல் பந்தலுக்குப் பின்னால் இருக்கிறது. கடல்காற்று அதிகம், பார்த்துக் கொளுத்துங்கள்.