வானத்தில் ஒரு ஆரஞ்சுக் கோடு

1963 நவம்பர் 21, சாயங்காலம். திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. மேலே போய் சோடியம் ஆவியைக் கக்கியது. கீழே இருட்டு, அவ்வளவு உயரத்தில் இன்னும் வெயில். அது பட்டு ஆவி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. கோடு கோணல்மாணலாக நெளிவதைப் படம்பிடித்துக் கணக்குப் போட்டால், எந்த உயரத்தில் எந்தப் பக்கம் காற்று ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அடுப்புப் புகையைப் பார்த்து நாம் காற்றுத் திசை சொல்வோமே, அதே கதைதான்!

இந்த உயரக் காற்றைக் கணிக்க, 1987-ல் செயற்கைக்கோள் அளவுகளை வைத்து ஒரு கணினி மாடல் வந்தது. பிறகு ரேடார், ராக்கெட் அளவுகளும் சேர்ந்தன. நாள், நேரம், இடம், உயரம் கொடுத்தால் அங்கே வழக்கமாக வீசும் காற்றைச் சொல்லும். இன்றைய காற்றை மட்டும் கேட்காதீர்கள். அதற்குத் தெரிந்தது சராசரிதான்.