நாற்பதுக்குப் பிறகு நமக்கென்று ஒரு கைவேலை

(தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றியோ, கூரைத் தகரத்தைப் பற்றியோ, தண்ணீர்க் குழாயைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அவற்றுக்குத் தனியாகக் கூட்டம் வைப்போம். இன்று பேசப் போவது சிலருக்கு விளையாட்டாகத் தெரியலாம். பூச்செடி, ஊசிநூல், தேயிலைக் கட்டை, பாட்டு எழுதும் கொப்பி, இவற்றைப் பற்றித்தான் பேச்சு. பிள்ளைகள் வளர்ந்து, நாற்பது நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய மனுஷனுக்கும் மனுஷிக்கும் வீட்டில் தனக்கென்று ஒரு சின்னக் கைவேலை இருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். எனக்கு இந்தப் புத்தி வந்தது நான் செய்த ஒரு பிழையால். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் இருந்தேன். அந்த வருஷம் டெங்குக் காய்ச்சல் கடுமை. நுளம்பு பெருகும்படி வீட்டில் தண்ணீர் தேங்க விட்டால் வழக்குப் போடலாம் என்று 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சொல்லுகிறது. ஆகவே நான் கொப்பியும் பேனையுமாக லயம் லயமாகப் பார்த்துக்கொண்டு போனேன். மேட்டு லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒரு அக்கா இருந்தார். வயது நாற்பத்தெட்டு இருக்கும். இஸ்தோப்பு விளிம்பில் தொடங்கி வாசற்படி வரைக்கும் பால்மா டின், பெயின்ட் டின், காது உடைந்த வாளி, அடி ஓட்டையான சருவச்சட்டி என்று வரிசையாக வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், முப்பத்திநாலு. எல்லாவற்றிலும் செடி. ஜெரேனியம், பிகோனியா, டேலியா, பெயர் தெரியாத இன்னும் பல. நாலைந்து டின்களில் மண்ணுக்கு மேலே தண்ணீர் நின்றது.

நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "அக்கா, நாளைக்கு நான் வரும்போது இதுல ஒண்ணும் இங்க இருக்கக் கூடாது" என்று சொன்னேன். அவர் "சரிங்க ஐயா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் போனேன். இஸ்தோப்பு கழுவித் துடைத்துக் கிடந்தது. டின்களெல்லாம் லயத்துக்குப் பின்னால் கான் ஓரத்தில் செடியோடு குவிந்து கிடந்தன. கொப்பியில் "துப்புரவு, நன்று" என்று எழுதிவிட்டு நான் போய்விட்டேன். எனக்கு அதில் சந்தோஷம் கூட இருந்தது.

இரண்டு கிழமை கழித்துக் கொழுந்து மடுவத்தில் அவரைக் கண்டேன். நிறுக்கும் நேரம். "என்ன அக்கா, வீடு இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தலையில் இருந்த படங்கைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "ஆமாங்க ஐயா, வீடு சுத்தமாத்தான் இருக்கு. நான்தான் வேலை முடிஞ்சி வந்து எங்க நிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறேன்."

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவருடைய நாளை நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். விடியக்காலை நாலரைக்கு எழும்புகிறார். ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, தேத்தண்ணி ஊற்றி, எல்லோருக்கும் கட்டி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறார். மழையோ அட்டையோ, பொழுதெல்லாம் மலையில். பின்னேரம் நிறுத்து முடித்து வீட்டுக்கு வந்தால் விறகு, தண்ணீர், துணி, இராச் சோறு. அந்த வீட்டில் எல்லாம் அடுத்தவருக்காக. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அவருக்கென்று ஒரு மூலை கூட இல்லை. இருந்தது அந்த முப்பத்திநாலு டின் மட்டும். அதைத்தான் நான் ஒரு வார்த்தையில் கானில் போட வைத்தேன்.

சட்டத்தை எடுத்துத் திரும்பவும் யோசித்தேன். அது தடுப்பது தேங்கி நிற்கும் தண்ணீரை. பூவை வேண்டாம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சுத்தியலும் நாலு அங்குல ஆணி ஒன்றும் எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். "அக்கா, நான் செஞ்சது பிழை. டின்னுக்கு ஓட்டை போட்டா போதும்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு முக்காலியை எடுத்துப் போட்டார். கான் ஓரத்தில் இருந்து தேடி எடுத்ததில் பதினாலு செடி பிழைத்திருந்தது. டின் ஒன்றுக்கு அடியில் ஐந்து ஓட்டை, கீழே கற்கள் ஒரு வரிசை, அதற்கு மேல் மண். டின்னுக்கு அடியில் தட்டு வைக்கக் கூடாது, அதிலும் தண்ணீர் தேங்கும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும்.

ஓட்டை போட மட்டும்தான் நான் சொல்லிக் கொடுத்தேன். மற்றதெல்லாம் அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். ஜெரேனியம் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி உடனே நடக் கூடாதாம். ஒரு நாள் நிழலில் வாட விட்டு, வெட்டின வாய் காய்ந்த பிறகு நட்டால்தான் அழுகாது. பெரிய இலைப் பிகோனியாவுக்குத் தண்டே தேவையில்லை. இலையின் பின்பக்க நரம்பைக் கீறி ஈர மண்ணில் படுக்கப் போட்டால் கீறின இடத்தில் குட்டி வரும். டேலியாக் கிழங்கை அடைமழை மாதங்களில் மண்ணில் விட்டால் போய்விடும், தோண்டிக் காயவைத்துச் சாம்பலில் புரட்டி வைக்க வேண்டும். இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் படித்தார்? ஒன்றிலும் இல்லை. பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த தன் தகப்பனிடம் சின்ன வயதில் பார்த்தது. முப்பது வருஷமாக உள்ளே கிடந்து, பிள்ளைகள் கொழும்புக்குப் போன பிறகு வெளியே வந்திருக்கிறது.

என் உத்தியோகப் புத்தி அப்போதும் சும்மா இருக்கவில்லை. எங்களுக்கு வரும் பாரங்களில் "சுயதொழில் வருமானம்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பியாக வேண்டும். "இதை வித்தா என்ன அக்கா, டவுன்ல ஒரு செடி நல்ல விலை போகுமே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எல்லாத்தையும் நிறுத்துத்தான் பாக்கணுமா ஐயா? விடிஞ்சதுல இருந்து நிறுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்." விற்கிறவர்கள் விற்கட்டும், நல்லதுதான். ஆனால் விற்காத செடிக்கும் ஒரு பெறுமதி உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் கட்டத்தை நான் வெறுமையாகவே விட்டேன்.

இனி ஊசிநூல் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இருக்கும் தாய்மார்களில் பலர் ஒரு காலத்தில் நன்றாகத் தைத்தவர்கள். பழைய சேலையை மூன்று மடிப்பாகப் போட்டு ஓட்டுத் தையலில் விரிப்பு தைத்தீர்கள். சாக்கை அடியாக வைத்து, துணிக் கீறல்களைக் கொழுவி இழுத்துக் கால்மிதி செய்தீர்கள். அதற்குக் கொழுவி ஊசி கடையில் வாங்கினதில்லை, உடைந்த குடைக்கம்பியை வளைத்து எடுத்தது. நம் தோட்டத்தில் உடைந்த குடைக்கு என்றைக்குப் பஞ்சம்! இப்போது கட்டுநாயக்கவில் வேலை செய்யும் மகள்மார் வெட்டுத் துண்டுகளைப் பை பையாகக் கொண்டு வருகிறார்கள். துணி இருக்கிறது. ஆனால் தைக்க ஆளில்லை. கேட்டால் "வயசாயிருச்சிங்க, ஊசியில நூல் கோக்க முடியல" என்கிறீர்கள்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். நாற்பது வயதுக்குப் பிறகு கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். அது வியாதி இல்லை. படித்தவர், படிக்காதவர், துரை, தொழிலாளி எல்லோருக்கும் வரும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு வளைந்து கொடுக்கும் தன்மையை இழப்பதால் வருகிறது. அதற்கு ஒரு சாதாரணக் கண்ணாடி போதும். இந்தியாவில் அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலுமான 751 தொழிலாளர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள் பறித்த கொழுந்து, கொடுக்கப்படாதவர்களுடையதைவிட நாளைக்கு ஏறக்குறைய 5 கிலோ கூடுதலாக உயர்ந்தது. யோசித்துப் பாருங்கள். "கை தளர்ந்து போச்சி" என்று நாம் சொன்னதில் பாதி, கண் தெரியாமல் போனதாக இருக்கலாம். தோட்ட டிஸ்பென்சரியில் சொன்னால் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களும், ஒரு கண் மட்டும் மங்குகிறவர்களும் கடையில் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிட வேண்டாம், கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள்.

போன வருஷம் கண்ணாடி போட்டுக்கொண்ட ஒரு அம்மா, ஐம்பத்தொன்று வயது, என்னிடம் வந்து என்ன சொன்னார் தெரியுமா? "ஐயா, அரிசியில இவ்வளவு கல்லு இருந்திச்சா!" இப்போது பேத்திக்கு ஒரு விரிப்பு தைத்துக்கொண்டிருக்கிறார். தன் கலியாணச் சேலை முந்தானைதான் அதற்கு நடுத் துண்டு.

ஆம்பிளைகள் பக்கம் சத்தமே இல்லை. உங்களையும் விடப் போவதில்லை. சேமலாப நிதியை எடுக்கிற வயது பெண்களுக்கு 50, உங்களுக்கு 55. அந்தக் காசு வந்த அந்த வருஷத்தில்தான் பல வீடுகளில் சண்டை தொடங்குகிறது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலையில் எழும்பினால் போக இடமில்லை, செய்ய வேலை இல்லை, பின்னேரமானால் கால் தானாகக் கசிப்பு விற்கிற இடத்துக்குப் போகிறது. கசிப்பைப் பற்றி வேறு நாளில் ஏசுகிறேன். இன்று ஒரு மனுஷரைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டினவர். வேலை நின்ற பிறகு, கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப் போட்ட மலையில் இருந்து வேர்க்கட்டைகளைக் கேட்டு வாங்கிக் கொண்டு வந்தார். விறகுக்கு என்று வீட்டில் நினைத்தார்கள். அவர் அதே கவ்வாத்துக் கத்தியால் மண்ணைச் சுரண்டி, பட்டையை உரித்து, போத்தல் துண்டால் வழித்து, கைத்தடி செய்கிறார், உடுப்பு மாட்டும் கொக்கி செய்கிறார். தேயிலைக் கட்டை இரும்பு மாதிரி, சுலபத்தில் வசப்படாது. முதல் மூன்று மாதம் ஒன்றும் உருப்படவில்லை என்று அவரே சொல்வார். இப்போது பின்னேரத்தில் நாலு பொடியன்கள் அவரைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். மாசி மாதம் காமன் கூத்து வரும்போது தப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றும் பக்குவத்தையும் அவரிடம்தான் கேட்கிறார்கள்.

என்னுடைய சங்கதியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் நாற்பத்தாறு ஆகிறது. மூன்று வருஷமாக ஒரு சி.ஆர். கொப்பியில் லயத்துப் பாட்டிகள் பாடும் பாட்டுகளை எழுதி வருகிறேன். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிக்கும்போது பாடுவது, கங்காணியைக் கேலி செய்வது எல்லாம். இது புதிய வேலை இல்லை. 1947இல் தலவாக்கலையில் இருந்து பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், மலையக மக்களின் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து வைத்தார். நான் அந்தளவுக்குப் பெரிய ஆள் இல்லை, அதிகம் படித்ததும் இல்லை. என் தாயார் நன்றாகப் பாடுவார். ஆனால் நான் கொப்பி வாங்கின காலத்தில் அவருக்கு ஞாபகம் குழம்பத் தொடங்கிவிட்டது. முதல் அடியைப் பாடுவார், இரண்டாவது அடிக்கு என் முகத்தைப் பார்ப்பார். கொப்பியில் அவருடைய பாட்டு ஆறுதான் இருக்கிறது, அதிலும் இரண்டு பாதியில் நிற்கிறது. அந்தப் பக்கங்களை அப்படியே இடம் விட்டு வைத்திருக்கிறேன். யாருக்காவது மீதி அடி தெரியுமா என்று லயம் லயமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களையும் கேட்பேன்.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். "நேரம் எங்க ஐயா இருக்கு?" சரியான கேள்வி. ஆம்பிளைகளுக்கு வேலை வேளையோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர்களுக்கு நேரம் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு இல்லை, யாராவது கொடுத்தால்தான் உண்டு. அரை மணித்தியாலம்தான் கேட்கிறேன். அடுப்பு மூட்ட விறகை வெட்டி அடுப்படியில் வையுங்கள். குழாயில் இருந்து நாலு குடம் தண்ணீரை நீங்கள் தூக்குங்கள். இராத்திரி ரொட்டிக்கு மாவைப் பிசைந்து வைத்தால் உங்கள் மீசை விழுந்துவிடாது. என் வீட்டில் நான் பிசைகிறேன். முதல் கிழமை கல்லாக இருந்தது, இப்போது என் மனைவியே குறை சொல்வதில்லை. கொழும்பில் இருக்கும் பிள்ளைகள் டெலிபோன் எடுத்தால் "காசு அனுப்பவா" என்பதோடு நிறுத்தாமல், "அம்மா, அந்த விரிப்பு எந்தளவுக்கு வந்திருச்சி?" என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

அந்த மேட்டு லயத்து அக்காவைப் பற்றிக் கடைசியாக ஒன்று. நான் இந்தத் தோட்டத்துக்கு மாறி வந்தபோது, புறப்படுகிற அன்று காலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு ஒரு பால்மா டின்னோடு வந்திருந்தார். அடியில் ஐந்து ஓட்டை. உள்ளே சிவப்பு ஜெரேனியம். அது இப்போது இந்த நிலையத்து வாசலில் இருக்கிறது, உள்ளே வரும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து பதினேழு தண்டு வெட்டி நேற்று நிழலில் வாட வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் சுத்தியலோடும் ஆணியோடும் இங்கேதான் இருப்பேன். வீட்டில் கிடக்கும் பழைய டின்களைக் கொண்டு வாருங்கள். கண்ணாடி வேண்டியவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.